ரேஸ் ஓடி ஓய்ந்த குதிரையை நீண்டதூரச் சவாரிக்குப் பழக்க முடியுமா?

இட்டேரி சவாரி (உடுமலை)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு உடுமலை பக்கம் தென்னந்தோப்பு. அப்பா காலத்திலிருந்தே வீட்டில் மட்டக்குதிரை உண்டு, அந்தியூர் சந்தையில் வாங்கியது ஒன்று இப்பவும் நிற்கிறது, அதனால் குதிரையே தெரியாதவன் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது வந்திருப்பது வேறு ரகம். பெங்களூரில் ரேஸ் ஓடிய தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்), காயடித்த ஆண், 7 வயது. ஓட்டம் குறைந்துவிட்டது என்று உரிமையாளர் கொடுத்துவிட்டார். குணம் தங்கம், பிள்ளைகள் பக்கத்தில் போனால்கூடத் தலையைக் குனிந்து மோந்து பார்ப்பான். ஏறி உட்கார்ந்தால்தான் ஆள் மாறிவிடுகிறான்.

ஏறும்போது ஒரு நொடி நிற்பதில்லை. லகானை இழுத்தால் நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகம் எடுக்கிறான். இட்டேரியில் (இருபக்கமும் வேலி உள்ள மண்பாதையில்) தனியாகப் போனால் பக்கவாட்டிலேயே நடக்கிறான், ஒரு மயில் வேலியிலிருந்து கிளம்பினால் போதும், நான் தரையில். ரோட்டோரம் தேங்கிய தண்ணீரில் கால் வைக்கவே மாட்டேன் என்கிறான்.

எனக்கு ஆசை, அடுத்த வருஷம் ஒரு 40 கி.மீ. எண்டியூரன்ஸ் (நீண்டதூரச் சவாரி) போட்டியில் முடித்துக் காட்டவேண்டும், அப்புறம் முடிந்தால் 80. தோப்பைச் சுற்றி 5 கி.மீ. விரட்டினாலும் இவனுக்குப் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை, வாங்கினாலும் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. "இவனுக்கு 40 கிலோமீட்டர் எல்லாம் தூசு" என்கிறார்கள் ஊரில். நிஜமா? தீவனம் இப்போதைக்கு ரேஸ் லாயத்தில் கொடுத்த மாதிரியே ஓட்ஸ், கொண்டைக்கடலை, தவிடு, அதோடு தோட்டத்தில் இருக்கும் கம்பு நேப்பியர் தீவனப்புல். காலில் ரேஸ் லாடம் அப்படியே இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

கிண்டி பழையவன்

தம்பி, நான் பல வருஷம் விடியக்காலை ஒர்க்குக்கு (ஓட்டப் பயிற்சிக்கு) ரேஸ் குதிரை ஓட்டினவன், அதனால் உன் பையன் என்ன நினைக்கிறான் என்று கொஞ்சம் தெரியும். லகானை இழுத்தால் ஓடு என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜாக்கி இரண்டு லகானையும் கழுத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அதில் தன் எடையைக் கொடுப்பான், குதிரையும் பிட்டில் (வாயில் இருக்கும் கடிவாள இரும்பில்) சாய்ந்துகொண்டு ஓடும். கோட்டைத் தாண்டியதும் கை தளரும், ஜாக்கி நிமிர்வான், அப்போதுதான் "சரி, வேலை முடிந்தது" என்று குதிரை வேகத்தைக் குறைக்கும். நீ பயந்துபோய் இழுக்க இழுக்க, அவனுக்குக் கடைசி 400 மீட்டர் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அதனால் இழுத்துப் பிடித்தே வைக்காதே. கேள், விடு, மறுபடி கேள், விடு. ஒரு பக்க லகானை மட்டும் மெதுவாக உள்ளே எடுத்து வட்டம் போடு, வட்டம் சின்னதாக ஆக வேகம் தானாகக் குறையும், குறைந்த நொடியில் கையை விடு. ஒரே குரலில் "ஹோ" சொல். இதை முதலில் வேலி போட்ட இடத்தில், தரையில் நின்று கையில் பிடித்தபடியே நடத்திச் சொல்லிக்கொடு. சேணத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதெல்லாம் பிறகு.

ஏறுவது பற்றி. ரேஸ் லாயத்தில் குதிரை நடந்துகொண்டே இருக்கும், ஒருத்தர் ஜாக்கியின் காலைப் பிடித்து மேலே தூக்கி விடுவார், அவ்வளவுதான். நின்ற இடத்தில் நிற்க அவனை யாரும் கேட்டதே கிடையாது. ஒரு திண்ணையோ உயரமான கல்லோ பார்த்து வை. பக்கத்தில் கூட்டி வந்து நிறுத்து, சேணத்தின் மேல் கையை ஊன்று, இறங்கு, அங்கவடியில் ஒரு கால் வை, இறங்கு. உட்கார்ந்த பிறகும் உடனே கிளப்பாதே. நகர்ந்தால் திட்டாதே, மறுபடி முதலிலிருந்து வா. சலிப்பாக இருக்கும், எனக்கே சலிப்பாகத்தான் இருந்தது.

இன்னொன்று, ஜாக்கியின் கால் எப்போதும் மேலே மடங்கி இருக்கும், கெண்டைக்கால் குதிரையின் வயிற்றில் படவே படாது. நீ காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வயிற்றை அணைத்தால் அவன் தாவத்தான் செய்வான். அது கெட்ட குணம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அப்புறம் அவன் எப்போதும் கூட்டத்தோடு வரிசையாக ஒர்க்குக்குப் போனவன், தனியாக உலகத்தைப் பார்த்ததே இல்லை. உன் மட்டக்குதிரைதான் அவனுக்கு வாத்தியார். அதை முன்னே விடு, இவன் பின்னே வரட்டும்.

கத்தியவார் பிரியன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எண்டியூரன்ஸ் என்றால் உலகம் முழுக்க அரபிக் குதிரைதான். நம் ஊர் வெயிலுக்கு நம் நாட்டு இனமான மார்வாரியோ கத்தியவாரோ போதும், லாடம், வயிறு, நரம்பு என்று இத்தனை தலைவலி இல்லை. தரோபிரெட் 1200 மீட்டருக்குச் செய்த உடம்பு. இவனை ஏதாவது ரைடிங் ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்டு நல்ல கத்தியவார் ஒன்று வாங்குங்கள்.

விடியல் சவாரி (ஓசூர்)

கத்தியவார் அண்ணா சொல்வதில் பாதி சரி. மேல்மட்டப் போட்டிகளில் அரபிகள்தான் ஜெயிக்கின்றன. ஆனால் இவர் ஜெயிக்கக் கேட்கவில்லை, முடிக்கக் கேட்கிறார். 40, 80 கி.மீ.யை ஆரோக்கியமாக முடிக்கிற தரோபிரெட்கள் நிறைய உண்டு. தரோபிரெட்டின் ஆண்வழியே மூன்று கிழக்கத்திய பொலிகுதிரைகளிடம் போய் முடிகிறது, அதில் டார்லி அரேபியன் என்ற குதிரையின் வழிதான் இன்று மிகப் பெரியது. அதனால் அரபி ரத்தம் இவனிடமும் கொஞ்சம் உண்டு. தவிர, கிடைத்த குதிரையை விட்டுவிட்டு வேறு வாங்கு என்பது பதில் ஆகாது.

இப்போது விஷயத்துக்கு. உடுமலைத் தம்பி, "மூச்சு வாங்கவில்லை" என்பதுதான் உங்களை ஏமாற்றப்போகிறது. ரேஸ் ஓடிய குதிரையின் இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே உருட்டித் திரட்டி வைத்தவை. ஆனால் 1200 மீட்டரை ஒன்றேகால் நிமிஷத்துக்குள் சமதளத்தில் ஓடிய கால் வேறு, கல்லும் மேடும் பள்ளமுமாக நாலு மணிநேரம் போகவேண்டிய கால் வேறு. லாரி இன்ஜினுக்குச் சைக்கிள் டயர் போட்ட கதை. தசை சில மாதத்தில் பழகும், தசைநாரும் எலும்பும் குளம்பும் அதைவிட ரொம்ப மெதுவாகத்தான் பழகும். மூச்சைப் பார்த்து வேகம் கூட்டினால் நாலாவது மாதம் கால் போய்விடும்.

முதலில் ஓய்வு. ஓய்வு என்றால் லாயத்தில் கட்டிப் போடுவது இல்லை. ரேஸ் குதிரை நாளில் 22, 23 மணிநேரம் அறைக்குள்ளேயே நின்ற பிராணி, அவன் வெளியே திரிந்து, உருண்டு புரண்டு, சும்மா நிற்கப் பழகவேண்டும். ஆனால் முள்கம்பி வேலி இருக்கும் இடத்தில் முதல் நாளே அவிழ்த்து விடாதீர்கள். ஓடிப்போய் மோதிய பிறகுதான் கம்பி இருப்பதே அவனுக்குத் தெரியும். கிளுவை வேலி இருந்தால் நல்லது, கம்பிதான் என்றால் வெள்ளைத் துணி கிழித்துக் கட்டி, கையில் பிடித்து வேலியோரமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, மட்டக்குதிரையோடு சேர்த்து விடுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போகட்டும். பழையவர் சொன்ன தரைப் பாடத்தை இந்த நாட்களில் நடத்தலாம்.

அப்புறம் நடை. வெறும் நடை, ஒரு மணிநேரம், வாரம் நாலைந்து நாள், ஒன்றரை மாதத்துக்காவது. நடை என்றால் மேய்கிற நடை இல்லை, தோள் வீசிப் போகிற நடை. தரோபிரெட் பலதுக்கு நடக்கவே தெரியாது, ஒன்று குதிக்கும் இல்லை ஊர்ந்து போகும். இட்டேரி மண் இதற்கு அருமையான இடம். பிறகு நடைக்கு நடுவே சின்னச் சின்ன டிராட் (துள்ளுநடை), பிறகு நீளமான டிராட். கேன்டர் (மிதமான பாய்ச்சல்) எல்லாம் கடைசியில், அதுவும் மேட்டில் ஏறும்போது மட்டும், சமதளத்தில் வேண்டாம், அங்கே அவனுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். தூரம், வேகம், மேடு மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்டவேண்டும். நீண்ட சவாரி வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதற்கு அடுத்த நாள் சும்மா கையில் பிடித்து நடத்தினால் போதும். வீட்டில் 25, 30 கி.மீ.யை நிதானமாக முடித்து மறுநாள் காலையில் நொண்டாமல், நன்றாகத் தின்றுகொண்டு நின்றால் 40க்குப் போகலாம். சர்வதேச விதிகளில் ஆரம்பநிலைச் சவாரிக்குச் சராசரி மணிக்கு 16 கி.மீ. வேகம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். இவன் ரேஸில் ஓடியதோ மணிக்கு 60.

ஸ்டெதஸ்கோப் ஒன்று வாங்குங்கள், சாதாரணமானது போதும். இடது முழங்கைக்குப் பின்னால், சேணத்தின் வயிற்றுவார் போகும் இடத்தில் வையுங்கள், இதயம் கேட்கும், லப்-டப் சேர்ந்து ஒரு துடிப்பு. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கவும். ஓய்வில் 30 முதல் 40 வரை இருக்கும். போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிவிலும் டாக்டர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள், பொதுவாக 64க்குள் இறங்கியிருக்கவேண்டும், அதற்கான நிமிஷக் கணக்கு போட்டிக்குப் போட்டி மாறும். துடிப்பு மட்டும் இல்லை. வயிற்றில் சத்தம் கேட்கிறதா, ஈறை அழுத்தி விட்டால் நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது, தோலைக் கிள்ளினால் மடிப்பு எப்போது மறைகிறது, டிராட்டில் நொண்டுகிறதா, எல்லாம் பார்ப்பார்கள். இதில் தரோபிரெட்டுக்குத் தனி சங்கடம், கூட்டத்தைப் பார்த்தாலே "ரேஸ் ஆரம்பிக்கிறது" என்று துடிப்பு எகிறிவிடும். அதனால் போட்டிக்கு முன்னால் வெறுமனே கூட்டமுள்ள இடங்களுக்குக் கூட்டிப்போய், நிறுத்தி, புல் போட்டு, ஏறாமலே திரும்பி வாருங்கள்.

ஊர் கால்நடை வைத்தியன்

விடியல் சவாரி அம்மா பயிற்சியைச் சரியாகச் சொல்லிவிட்டார், நான் உள்ளே இருக்கும் வயிற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கும், 100ல் 80, 90 என்றுகூட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். நார்த்தீவனம் குறைவு, தானியம் அதிகம், வெறும் வயிற்றில் வேகமான ஓட்டம் என்றால் அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கிவிடும். வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறானா? தானியத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிற்கிறானா? உடம்பு தேறவே மாட்டேன் என்கிறானா? இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல் மருந்து பற்றிக் கேளுங்கள், அளவையும் நாளையும் அவர்தான் சொல்லவேண்டும். குணம் சரியில்லை என்று அடி வாங்கும் குதிரைகளில் பாதிக்கு வயிறுதான் சரியில்லை என்பது என் எண்ணம்.

தீவனத்தைத் தலைகீழாக மாற்றவேண்டும், ஆனால் ஒரே நாளில் இல்லை, இரண்டு வாரத்தில் படிப்படியாக. 450 கிலோ குதிரைக்கு உலர் கணக்கில் 7 முதல் 9 கிலோ நார்த்தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதனால் பச்சையாகவே கொடுத்தால் 40 கிலோ அளவுக்குப் போகும். காய்ந்த புல்லும் கலந்து கொடுங்கள். சவாரிக்கு அரைமணி முன்னால் இரண்டு கை புல் தின்னக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், அமிலம் தெறிக்காது.

கம்பு நேப்பியர், தவிடு இரண்டும் சேர்ந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. நேப்பியரில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது மிச்சத்தைக் கெடுக்கும். மாதக்கணக்கில் இதே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும், முகத்தெலும்பு உப்பிப்போகும், காரணமே தெரியாமல் கால் மாறிமாறி நொண்டும். மாட்டுக்கு ஒத்துப்போவதால் நம்மவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. தவிட்டை நிறுத்துங்கள், குதிரைமசால் தினமும் கொஞ்சம் சேருங்கள், அதில் கால்சியம் நன்றாக இருக்கிறது, அமிலத்தையும் தணிக்கும். இளஞ்சோளப் பயிரைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கூடாது, அது மூளையைத் தாக்கும்.

உங்கள் பகுதியில் கோழிப்பண்ணை அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன். கோழித்தீவனத்தில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது மருந்து, குதிரைக்குக் கொஞ்சமே போதும், இதயத்தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மீந்த மூட்டையைக் குதிரைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அள்ளும் முறத்தைக்கூடத் தனியாக வையுங்கள்.

வேலை இல்லாத நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். நன்றாகத் தின்று ஒருநாள் நின்றுவிட்டு மறுநாள் ஓடும்போது சில தரோபிரெட்களுக்குப் பின்தொடைத் தசை கல்லாக இறுகிவிடும். வியர்க்கும், நகர மறுக்கும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அப்படி ஆனால் நடத்தி வீட்டுக்குக் கொண்டுவர முயலாதீர்கள், நின்ற இடத்துக்கு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கால் விஷயம்: ஓட்டம் குறைந்தது ஏன் என்று கேட்டீர்களா? முன்காலின் பின்பக்கத் தசைநார் அறுந்து ஆறியிருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது. பழைய லாயத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஒன்று எடுத்துவிடுங்கள், நாமக்கல் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். தினமும் காலையில் வேலைக்கு முன்னால் இரண்டு முன்கால்களையும் முழங்காலிலிருந்து கீழே விரலால் தடவிப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் தசைநாரை இருபக்கமும் பிடித்தபடி இறங்கவேண்டும். இரண்டும் ஒரே சூடு, ஒரே தடிமன் இருக்கவேண்டும். ஒன்றில் மட்டும் வெதுவெதுப்பு தெரிந்தால் அன்றைக்குச் சவாரி இல்லை.

டெட்டனஸ் ஊசி, பூச்சி மருந்து கேட்கவே வேண்டாம். போட்டிக்கோ வேறு மாநிலத்துக்கோ கொண்டுபோவதாக இருந்தால் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை என்ற பரிசோதனைச் சான்று கேட்பார்கள், கால்நடைத் துறையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிண்டி பழையவன்

டாக்டர் சொன்ன காலோடு லாடத்தையும் சேர்த்துக்கொள் தம்பி. அவன் காலில் இருப்பது மெல்லிசு அலுமினியம், கல்லுப் பாதையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரேஸ் குதிரைக்குக் குளம்பின் முன்பக்கம் நீண்டு, குதிப்பக்கம் தாழ்ந்து இருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீர்செய்ய முடியும். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைக் கூப்பிடாதே. குதிரைக்கு அடிக்கத் தெரிந்தவரைக் கோயம்புத்தூரிலிருந்தோ எங்கிருந்தோ வரவழை, 5, 6 வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்.

சேணமும் அப்படித்தான். ரேஸ் சேணம் உள்ளங்கை அகலம், அவன் முதுகுக்கு எடை தாங்கிப் பழக்கமே இல்லை. பிடரி முடியும் இடத்து மேடு இவர்களுக்கு உயரமாக இருக்கும், சேணம் அதில் உட்கார்ந்தால் ஒரே சவாரியில் புண். இறக்கியதும் முதுகின் ஈரத்தைப் பார், எல்லா இடமும் வியர்த்து நடுவில் ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கேதான் அழுத்துகிறது.

இட்டேரி சவாரி (உடுமலை)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தவிடு இன்றைக்கே குறைக்க ஆரம்பித்தாச்சு, கோழித்தீவன விஷயம் கேட்டு அம்மா பதறிவிட்டார், எங்கள் கொட்டகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தது. பழைய லாயத்தில் கேட்டேன், இடது முன்காலில் ஒருமுறை வீக்கம் வந்து ஓய்வில் இருந்தானாம். ஸ்கேன் எடுக்கப் போகிறேன், அதுவரை ஏறுவதில்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. தண்ணீரில் இறங்க மறுப்பதற்கு என்ன செய்வது, காற்றாலை இறக்கையின் நிழல் தரையில் ஓடினால் மிரளுகிறான், அதற்கு என்ன செய்வது? அப்புறம் வெயில். இங்கே மாசி தாண்டினாலே கொளுத்தும், சூடான குதிரை மேல் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே?

விடியல் சவாரி (ஓசூர்)

தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பழைய கதை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி வெப்பத்தில் குதிரைகளை வைத்து நிறைய ஆய்வு செய்தார்கள், குளிர்ந்த தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவதுதான் சூட்டை இறக்கும் சிறந்த வழி என்று தெளிவாகிவிட்டது. கழுத்து, மார்பு, தொடை உள்பக்கம், வயிறு, எல்லா இடத்திலும் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியைப் போட்டு மூடி வைக்காதீர்கள், அது சூடேறி மூடி மாதிரி ஆகிவிடும். குடிக்கவும் தாராளமாக விடுங்கள்.

குதிரை வியர்வையில் உப்பு ரொம்ப அதிகம், வெயிலில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தம் கெட்டிப்பட்டதே அதற்குத் தெரியாது, தாகம் எடுக்காது. அதனால் சாதாரண நாளிலேயே தீவனத்தில் 30 கிராம் போலச் சாதா உப்பு, நீண்ட சவாரி நாளில் எலக்ட்ரோலைட் (வியர்வையில் போகும் உப்புகளின் கலவை). ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் எலக்ட்ரோலைட் பேஸ்டைத் திணிக்கக் கூடாது, நிலைமை மோசமாகும். வழியில் எங்கே தண்ணீர் இருந்தாலும் நின்று குடிக்க வீட்டிலேயே பழக்குங்கள், பல தரோபிரெட்கள் தன் வாளியைத் தவிர வேறெதிலும் வாய் வைக்காது. சித்திரை, வைகாசியில் சூரியன் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

தண்ணீருக்கு: குட்டையில் ஆரம்பிக்காதீர்கள். வாசலிலேயே ஹோஸைத் திறந்துவிட்டு அகலமாக, தாண்ட முடியாத அளவுக்கு ஈரமாக்குங்கள். மட்டக்குதிரை முன்னால் நடக்கட்டும், இவன் கயிற்றில் பின்னால். நின்றால் நிற்கட்டும், பின்வாங்கினால் மட்டும் மெதுவாக முன்னே கேளுங்கள், ஒரு கால் வைத்ததும் கயிற்றைத் தளர்த்துங்கள். இழுபறி செய்தால் ஒரே தாவாகத் தாண்டி உங்கள் தோள் மேல் விழுவான், தலைக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள்.

காற்றாலை நிழலுக்குக் குறுக்குவழி தெரியவில்லை. நிழல் விழும் இடத்துக்குச் சற்று வெளியே மட்டக்குதிரையோடு கட்டாமல் கையில் பிடித்து மேயவிடுங்கள், தினமும் சில அடி நெருங்கலாம். மயிலுக்கு மட்டும் மருந்தே இல்லை, என் குதிரை இன்னும் மிரளுகிறது. ஹெல்மெட் போடாமல் ஏறாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. திருமூர்த்தி மலை, அமராவதி பக்கம் வழி அழகாக இருக்கிறது என்று காட்டு ஓரத்துக்குப் போகாதீர்கள், புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. யானை வாசம் பட்டால் இவனை நிறுத்த பழையவரால்கூட முடியாது. இட்டேரியும் வாய்க்கால் கரையும் தோப்புப் பாதையும் சேர்த்தாலே உங்கள் ஊரில் 30 கி.மீ. சுற்று தாராளமாகக் கிடைக்கும். ஸ்கேன் முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், அதைப் பார்த்துத்தான் எப்போது ஏறலாம் என்று சொல்ல முடியும்.